வீட்டில் செய்த கரோக்கி ட்ராக்கை விற்கலாமா, அட்டையில் என்ன எழுதுவது?

கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து ஒரு சார் கேட்டிருக்கிறார். பணி ஓய்வுக்குப் பிறகு நண்பர்கள் ஆறு பேர் ஞாயிறு மாலையில் ஒரு வீட்டு மொட்டைமாடியில் கூடிப் பாடுகிறார்கள். பழைய சினிமாப் பாட்டுகளைக் கம்ப்யூட்டரில் போட்டு, மென்பொருளால் குரலை எடுத்துவிட்டு, திரையில் வரிகள் ஓடும்படி வீடியோவாக்கி, இதுவரை 140 ட்ராக் சேர்த்துவிட்டார்கள். எங்களுக்கும் கொடுங்கள் என்று நிறையப் பேர் கேட்பதால் பென் டிரைவில் போட்டு 300 ரூபாய்க்கு விற்கலாமா, யூட்யூபில் ஏற்றலாமா, மாசி மகத்துக்கு தேவனாம்பட்டினத்தில் மேடை போட்டுப் பாடலாமா, அட்டையில் ‘ஒரிஜினல் கரோக்கி’ என்று போட்டுக் கீழே ‘பாடல்களின் உரிமை அதன் உரிமையாளர்களுக்கே’ என்று ஒரு வரி சேர்த்துவிட்டால் போதுமா என்பதுதான் கேள்வி.

சார், மாடியில் தாராளமாகப் பாடுங்கள். சொந்த உபயோகத்துக்கான நியாயமான பயன்பாட்டைப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவே விட்டுவைத்திருக்கிறது. பென் டிரைவ் விற்பனை மட்டும் வேண்டாம், 300 ரூபாய்க்கும் வேண்டாம், ‘அடக்க விலைக்கு’ என்றும் வேண்டாம். மேடைக்கு வழி இருக்கிறது, ஆனால் இப்போது உங்களிடம் இருக்கிற ட்ராக்குகளோடு இல்லை. அட்டையில் எழுதும் எந்த வரியும் அனுமதிக்கு ஈடாகாது. ஏன் என்று சொல்கிறேன், கொஞ்சம் நீளமாகத்தான் வரும். நான் வக்கீல் இல்லை. திருப்பாதிரிப்புலியூரில் 20 வருடமாக ஒரு சின்ன ரெக்கார்டிங் அறை வைத்து கீபோர்டு வாசித்து ட்ராக் செய்து கொடுக்கிறவன், இந்தத் தொழிலுக்குத் தேவைப்பட்டதால் சட்டத்தைப் பிரிவு பிரிவாக உட்கார்ந்து படித்தவன்.

ஒரு சினிமாப் பாட்டை நாம் ஒரே பொருளாகக் கேட்கிறோம், 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டம் அதை மூன்று சொத்தாகப் பார்க்கிறது. வரிகள் ஒன்று, அது இலக்கியப் படைப்பு. மெட்டு இன்னொன்று. இசைப் படைப்பு என்றால் என்ன என்று சொல்லும் இடத்திலேயே, அதனுடன் பாடப்படும் வார்த்தைகள் அதில் சேராது என்று சட்டம் பிரித்துவிடுகிறது. மூன்றாவது ஒலிப்பதிவு, அதாவது அன்றைக்கு ஸ்டூடியோவில் வயலின்காரர்களும் தபேலாக்காரரும் பாடகரும் உட்கார்ந்து பதிவு செய்த அந்தக் குறிப்பிட்ட சத்தம். மூன்றுக்கும் உரிமைக்காரர் வேறு வேறாக இருக்கலாம், மூன்றும் முடிகிற தேதியும் வேறு. வரிக்கும் மெட்டுக்கும் படைத்தவரின் ஆயுள் முழுக்க, பிறகு அவர் மறைந்ததை அடுத்து வரும் ஜனவரியிலிருந்து 60 வருடம். ஒலிப்பதிவுக்கு அது வெளியானதை அடுத்து வரும் ஜனவரியிலிருந்து 60 வருடம்.

கணக்குப் போட்டுப் பார்த்தால்தான் இது மனதில் நிற்கும். 1962இல் வெளியான ஒரு இசைத்தட்டு, வரி கண்ணதாசன், இசை விஸ்வநாதன்–ராமமூர்த்தி என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஒலிப்பதிவின் உரிமை 2022 டிசம்பரோடு முடிந்துவிட்டது. ‘அறுபது வருடப் பாட்டு சார், ஃப்ரீ ஆயிடுச்சு’ என்று யாராவது சொன்னால் இதை வைத்துத்தான் சொல்கிறார்கள். ஆனால் கண்ணதாசன் மறைந்தது 1981, அதனால் வரிகளின் உரிமை 2041 முடியும்வரை இருக்கிறது. இருவர் சேர்ந்து செய்த படைப்புக்குக் கடைசியாக மறைந்தவரை வைத்துத்தான் கணக்கு. ராமமூர்த்தி 2013இல் போனார், எம்.எஸ்.வி. 2015இல். ஆகவே மெட்டு 2075 வரை. எதிர்ப்பக்கமும் உண்டு. பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம் 1959இல் மறைந்தார், ஜி. ராமநாதன் 1963இல். அந்த இருவரும் சேர்ந்து அந்தக் காலத்தில் வெளியான பாட்டு என்றால் வரி, மெட்டு, ஒலிப்பதிவு மூன்றுக்குமே காலம் முடிந்துவிட்டது. உங்கள் 140இல் அப்படி நாலைந்து தேறலாம். ஒவ்வொன்றாக எழுதிவைத்துப் பாருங்கள், ஒரு நோட்டுப் புத்தகம் போதும்.

அடுத்து, குரலை எடுத்துவிட்டால் பாட்டு வேறாகிவிடாதா என்று நினைக்கிறீர்கள் அல்லவா, என்னிடம் வருகிற பத்துப் பேரில் எட்டுப் பேர் அப்படித்தான் நினைக்கிறார்கள். முன்பெல்லாம் குரலை எடுக்க ஒரே தந்திரம்தான் இருந்தது. இடது, வலது இரண்டு சேனலிலும் குரல் சமமாக நடுவில் இருப்பதால் ஒன்றைத் தலைகீழாக்கி மற்றதோடு சேர்த்தால் குரல் அடிபட்டுப் போகும், கூடவே பேஸும் டிரம்ஸும் போய்விடும், ஸ்டீரியோவாக இல்லாத பழைய மோனோ பாட்டில் அது பலிக்கவே பலிக்காது. 2019இல் ஸ்ப்ளீட்டர், டெமூக்ஸ் என்ற மென்பொருள்கள் வந்தன, இப்போது மோனோ பாட்டிலும் குரலைத் தனியாகப் பிரித்துவிடலாம். தொழில்நுட்பமாக அது அருமையான வேலை, நானே பாட்டைப் படித்துக்கொள்ள அதைப் பயன்படுத்துகிறேன். ஆனால் குரலை எடுத்தபின் மிச்சம் இருப்பது என்ன? அதே வயலின், அதே புல்லாங்குழல், அன்றைக்கு அந்த ஸ்டூடியோ அறையில் எழுந்த அதே முழக்கம். கம்பெனிக்குச் சொந்தமான ஒலிப்பதிவில் ஒரு பகுதி. அதைப் பிரதி எடுத்துக் காசுக்குக் கொடுத்தால் பாட்டை அப்படியே பிரதி எடுத்து விற்பதற்கும் இதற்கும் சட்டத்தில் வித்தியாசம் கிடையாது. 63ஆம் பிரிவில் குறைந்தபட்சம் 6 மாதம் சிறை, 50,000 ரூபாய் அபராதம். அதிகபட்சம் 3 வருடம், 2 லட்சம். வியாபார லாபத்துக்காகச் செய்யவில்லை என்றால் நீதிமன்றம் குறைக்கலாம். 300 ரூபாய் விலை போட்ட பென் டிரைவ் அந்தச் சலுகையையும் கெடுத்துவிடும்.

நீங்களே வாசித்துச் செய்கிற ட்ராக் வேறு ரகம். கீபோர்டில் ஒவ்வொரு வாத்தியமாகப் போட்டு, தபேலாவுக்கு ஒருவரைக் கூப்பிட்டு, இடையிசையைக் காதால் கேட்டு எழுதி வாசித்தால் (ஒரு பாட்டுக்கு எனக்கு மூன்று நாள் பிடிக்கும்) அந்த ஒலிப்பதிவு உங்களுடையது. பழைய ஒலிப்பதிவின் சொந்தக்காரர் அதற்கு உரிமை கோர முடியாது. வரியும் மெட்டும் மட்டும் இன்னமும் மற்றவர்களுடையவை, விற்பதென்றால் அவர்களிடம் அனுமதி வேண்டும். திரையில் வரிகளை ஓடவிடுவது என்பது அந்த இலக்கியப் படைப்பை அச்சடிப்பது மாதிரியே ஒரு பிரதி, அதையும் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். நிறையப் பேர் மெட்டுக்கு மட்டும் கேட்டுவிட்டு வரிகளை மறந்துவிடுகிறார்கள்.

‘கவர் வெர்ஷனுக்குச் சட்டமே அனுமதி தருகிறதாமே’ என்று யாராவது உங்களிடம் சொல்லியிருப்பார்கள். கவர் வெர்ஷன் என்றால் ஏற்கெனவே வந்த பாட்டை வேறொருவர் புதிதாகப் பாடி, வாசித்துப் பதிவு செய்வது. உண்மைதான், 2012இல் திருத்தம் வந்தபோது சேர்த்த 31சி பிரிவு அது. முதல் ஒலிப்பதிவு செய்த ஆண்டு முடிந்து 5 காலண்டர் வருடம் ஆகியிருக்க வேண்டும், முன்னறிவிப்பு கொடுக்க வேண்டும், ராயல்டியை முன்பணமாகக் கட்ட வேண்டும். அதுவும் ஒவ்வொரு பாட்டுக்கும் ஒவ்வொரு வருடத்துக்கும் குறைந்தது 50,000 பிரதிக்கான தொகை. நீங்கள் 50 பென் டிரைவ் போட்டாலும் 50,000க்குத்தான் கட்ட வேண்டும். மேலும் அந்தப் பிரிவு ஒலிப்பதிவைப் பற்றி மட்டும் பேசுகிறது, வரி ஓடும் வீடியோ அதில் அடங்காது. ஆக வீட்டில் செய்கிறவர்களுக்கு அது எட்டாத கதவு. ஆனால் அந்தப் பிரிவை நான் எல்லோரையும் படிக்கச் சொல்கிறேன், ஏனென்றால் அட்டையில் என்ன எழுதக்கூடாது என்று அதைவிடத் தெளிவாக வேறெங்கும் சொல்லவில்லை. விற்கப்போகும் உறை, லேபிள் எல்லாவற்றின் பிரதியையும் முன்கூட்டியே உரிமைக்காரருக்குக் கொடுக்க வேண்டும். ‘இது கவர் வெர்ஷன்’ என்று உறையிலேயே சொல்ல வேண்டும். முன்பு பாடியவரின் பெயரோ படமோ அதில் இருக்கக்கூடாது, அந்தப் பாட்டு வந்த சினிமாவின் பெயரும் கூடாது. வாங்குகிறவர் இது பழைய ஒலிப்பதிவுதான் என்று ஏமாறக்கூடாது என்பதுதான் காரணம். எண்பதுகளில் கேசட் வாங்கியவர்களுக்கு இது புரியும். உறையில் படத்தின் பெயர் கொட்டை எழுத்தில் இருக்கும், வீட்டுக்கு வந்து போட்டால் வேறு யாரோ பாடியிருப்பார்கள்.

இதை மனதில் வைத்து உங்கள் அட்டையைப் பார்ப்போம். ‘ஒரிஜினல் கரோக்கி’ என்ற வார்த்தையை முதலில் எடுத்துவிடுங்கள். பழைய ஒலிப்பதிவிலிருந்து குரலை எடுத்தது என்றால் அது நீங்களே கொடுக்கும் ஒப்புதல் வாக்குமூலம். நீங்கள் வாசித்தது என்றால் அது பொய். ‘உரிமை அதன் உரிமையாளருக்கே’ என்ற வரியும் அப்படித்தான். அடுத்தவர் சொத்து என்று தெரிந்தே எடுத்தேன் என்று மட்டும்தான் அது சொல்கிறது. யூட்யூபில் நம் ஆட்கள் வீடியோவுக்குக் கீழே ஆங்கிலத்தில் 1976ஆம் ஆண்டுச் சட்டம், 107ஆம் பிரிவு என்று ஒரு பத்தியை ஒட்டுகிறார்களே, அது அமெரிக்கச் சட்டம். கடலூரில் உட்கார்ந்து அதைப் போடுவதால் நமக்கு எந்தப் பாதுகாப்பும் வராது. நடிகர் படத்தை அட்டையில் போடுவதையும் விட்டுவிடுங்கள், அந்த ஸ்டில் இன்னொரு தனிச் சொத்து. பாண்டியில் அச்சடித்து அங்கேயே விற்றால் வேறு சட்டமா என்று ஒருவர் என்னிடம் கேட்டார். அரசு போடும் வரியும் விலையும் சில சாமான்களுக்கு மாறலாம், பதிப்புரிமைச் சட்டம் இந்தியா முழுவதற்கும் ஒன்றுதான்.

எழுத வேண்டியது என்ன என்றால், ஒலிப்பதிவை வெளியிடுகிறவர் அதன் மேலும் உறையிலும் மூன்று விவரம் காட்ட வேண்டும் என்கிறது 52ஏ பிரிவு. ஒலிப்பதிவைச் செய்தவரின் பெயரும் முகவரியும், உரிமையாளரின் பெயரும் முகவரியும், முதலில் வெளியான ஆண்டு. இதை விட்டுவிட்டு வெளியிட்டால் அதற்கே 3 வருடம் வரை சிறையும் அபராதமும் உண்டு, பாட்டே உங்கள் சொந்தப் பாட்டாக இருந்தாலும். ஊர்ப் பக்கம் கோயில் பாட்டு சிடி போட்ட எத்தனையோ பேருக்கு இது தெரியாது. இந்த மூன்றோடு வரி எழுதியவர் பெயரையும் மெட்டுப் போட்டவர் பெயரையும் சேர்க்க வேண்டும் என்பது என் பிடிவாதம். 57ஆம் பிரிவுப்படி இது என் படைப்பு என்று சொல்லிக்கொள்ளும் உரிமை, படைப்பை விற்ற பிறகும் படைத்தவரிடமே இருக்கிறது. கரோக்கி பட்டியல்களைப் பாருங்கள், படத்தின் பெயர் இருக்கும், நடிகர் பெயர் இருக்கும், பாடகர் பெயர் இருக்கும். வரி எழுதியவர் பெயரைத் தேட வேண்டும். திரையில் முழுக்க ஓடுவது அவருடைய எழுத்து சார்.

உறையில் மட்டுமல்ல, ஃபைலுக்குள்ளும் எழுதுங்கள். எம்பி3யில் பெயர், ஆண்டு, இசையமைப்பாளர் எல்லாம் போட இடம் இருக்கிறது, ‘ட்ராக் 07 ஃபைனல் நியூ’ என்று விடாதீர்கள். எத்தனை கட்டை, அதாவது எந்தச் சுருதி என்பதையும் போடுங்கள். ‘ஆண் 2½ கட்டை’, ‘பெண் 5½ கட்டை’, மூலப் பாட்டிலிருந்து எத்தனை அரைச்சுரம் இறக்கியது அல்லது ஏற்றியது. இதைச் சட்டம் கேட்கவில்லை, மேடையில் மைக்கைப் பிடித்து நிற்கிறவர் கேட்பார். ஃபைலுக்குள் இருக்கும் உரிமை விவரத்தைத் தெரிந்தே அழிப்பதும் தனிக் குற்றம், 65பி பிரிவில் 2 வருடம் வரை. இது எனக்கு நடந்தது. சில வருடங்களுக்கு முன் நானே மெட்டுப் போட்டு வாசித்த வள்ளலார் பாட்டு ட்ராக்குகள் எட்டு, வெளியூர் வியாபாரி ஒருவர் பெயரில் போய்க்கொண்டிருந்தன. நெல்லிக்குப்பத்தில் ஒரு மண்டபத்தில் ஒலித்தபோதுதான் தெரிந்தது, இரண்டாவது இடையிசையில் நான் வைத்த அந்தப் புல்லாங்குழல் சங்கதியைக் கேட்டதும் நின்றுவிட்டேன். ஃபைலை வாங்கிப் பார்த்தால் என் பெயர், தபேலா வாசித்தவர் பெயர், வருடம் எல்லாம் அழிக்கப்பட்டு வேறு பெயர். தபேலா வாசித்த அண்ணன் அதற்குள் இறந்துவிட்டார். பணத்தைவிட அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. அவர் கை அதில் இருக்கிறது, பெயர் இல்லை.

யூட்யூபைப் பற்றி அதிகம் இல்லை. ஏற்றினால், அடுத்தவர் பாட்டைத் தானாக அடையாளம் காணும் யூட்யூபின் கன்டென்ட் ஐடி கண்டுபிடித்துவிடும், நீங்களே வாசித்திருந்தாலும் மெட்டை வைத்தே சில சமயம் கண்டுபிடிக்கும். பெரும்பாலும் ‘க்ளெய்ம்’ வரும், அதாவது வீடியோ இருக்கும், விளம்பர வருமானம் உரிமைக்காரருக்குப் போகும், அல்லது வீடியோவை முடக்குவார்கள். ‘ஸ்ட்ரைக்’ என்பது வேறு, அது பதிப்புரிமை மீறலுக்கு யூட்யூப் தரும் எச்சரிக்கை, 90 நாளுக்குள் 3 வந்தால் சேனலே போய்விடும். உரிமைக்காரர் வீடியோவை விட்டுவைத்தால் அது அவர் பொறுத்துப் போவதுதான். அதைக் காட்டி அனுமதி வாங்கிவிட்டோம் என்று நினைத்து அதே வீடியோவைப் பென் டிரைவில் ஏற்றக்கூடாது.

மேடைக்கு வருவோம். தொழில்முறையில் இல்லாத ஒரு மன்றமோ சங்கமோ, கட்டணம் வாங்காமல் பாடினால் அல்லது ஒரு கோயிலுக்கு உதவியாகப் பாடினால், வரியையும் மெட்டையும் மேடையில் நிகழ்த்துவது மீறலாகாது என்று 52ஆம் பிரிவில் ஒரு விலக்கு இருக்கிறது. உங்கள் ஆறு பேருக்கு அது பொருந்தும், ஒரு பெயர் வைத்து மன்றமாக எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அந்த விலக்கு இலக்கியப் படைப்பையும் நாடகத்தையும் இசைப் படைப்பையும் மட்டும்தான் சொல்கிறது, ஒலிப்பதிவைச் சொல்லவில்லை. அதனால்தான் ஆரம்பத்திலேயே சொன்னேன். குரலை எடுத்த ட்ராக்கை ஸ்பீக்கரில் ஓடவிட்டுப் பாடினால் பாடுவதற்கு விலக்கு உண்டு, ஓடுகிற ட்ராக்குக்கு இல்லை. நீங்களே வாசித்த ட்ராக் என்றால் அந்தச் சிக்கலே இல்லை. சாமி தீர்த்தவாரி மாதிரி உண்மையான சமயச் சடங்கின் பகுதியாக ஒலிப்பதற்கும், கல்யாண ஊர்வலம், கல்யாணத்தை ஒட்டிய கொண்டாட்டங்களுக்கும் தனி விலக்கு இருக்கிறது, அதில் ஒலிப்பதிவும் சேரும். இரவில் மேடை போட்டு நடத்துகிற மெல்லிசை நிகழ்ச்சியைச் சடங்கு என்று சொல்லி நிற்க முடியுமா என்பது சந்தேகம், அதை நம்பி இறங்க வேண்டாம். பாண்டி ஹோட்டல்களில் சனிக்கிழமை கரோக்கி நடத்துகிறார்களே, அது முழுக்க வியாபாரம். வரிக்கும் மெட்டுக்கும் பாடலாசிரியர்கள், இசையமைப்பாளர்கள் சார்பில் ராயல்டி வசூலிக்கும் ஐ.பி.ஆர்.எஸ்., ஒலிப்பதிவுக்கு அந்தந்தக் கம்பெனி அல்லது அதன் சார்பில் வசூலிக்கும் அமைப்பு என்று லைசென்ஸ் வாங்க வேண்டியது ஹோட்டல்காரர். 2017இல் இளையராஜா தரப்பிலிருந்து எஸ்.பி.பி.க்கே நோட்டீஸ் போனது நினைவிருக்கும். பாடியவரே ஆனாலும், காசு வாங்கும் மேடையில் பாடுவது தனி உரிமை என்பதுதான் அங்கே எழுந்த வாதம்.

சரி, விற்கவே முடியாதா என்றால், முடியும், அதற்கு நம் ஊரிலேயே சரக்கு இருக்கிறது. பாரதியார் 1908 முதல் 1918 வரை வாழ்ந்தது புதுச்சேரியில். அவர் பாட்டுகளின் ஒலிபரப்பு உரிமை ஒரு காலத்தில் தனியார் கையில் இருந்து, அதை மீட்க வேண்டும் என்று தமிழ்நாடே பேசி, 1949இல் அரசு நாட்டுடைமையாக்கியது. பாரதிதாசன் புதுச்சேரியிலேயே பிறந்தவர், 1964இல் மறைந்தார். 60 வருடக் கணக்கிலேயே 2024 டிசம்பரோடு அவர் வரிகளும் பொதுவாகிவிட்டன. அப்பர் பிறந்த திருவாமூர் பண்ருட்டிப் பக்கம், கரையேறியதாகச் சொல்லும் இடம் நம் திருப்பாதிரிப்புலியூர். வள்ளலாருக்கு வடலூர் இருக்கிறது. ஒரே ஒரு பள்ளம் உண்டு, அதில் விழாதீர்கள். வரி பொதுச் சொத்து என்பதால் சினிமாவில் அந்த வரிக்குப் போட்ட மெட்டு பொதுவாகிவிடாது. பாரதி பாட்டை எந்தப் படத்து மெட்டில் பாடுகிறீர்களோ அந்த இசையமைப்பாளரின் உரிமை அப்படியே இருக்கிறது. தேவாரத்தை ஓதுவார்கள் வழிவழியாகப் பாடும் பண்ணில் நீங்களே வாசித்தால் யாரையும் கேட்க வேண்டாம், ஆனால் ஒரு ஓதுவாரின் சிடியிலிருந்து குரலை எடுத்துச் செய்தால் மறுபடி முதல் பத்திக்கே வந்துவிடுவோம்.

உங்கள் ஆறு பேரில் ஒருவருக்கு ஆர்மோனியம் வரும் என்று எழுதியிருந்தீர்கள். அவரை உட்கார வைத்து திருவருட்பாவில் நாலு பாட்டுக்கு மெட்டுப் போடச் சொல்லுங்கள், தைப்பூசத்துக்கு வடலூர் போகிறவர்கள் கட்டாயம் வாங்குவார்கள். அட்டை இப்படி இருக்கட்டும்: ‘வரிகள்: வள்ளலார், திருவருட்பா, இன்ன திருமுறை. மெட்டு: இன்னார். ஆர்மோனியம், தபேலா, புல்லாங்குழல்: இன்னார், இன்னார், இன்னார். ஒலிப்பதிவு செய்தவர், பெயரும் முகவரியும். உரிமையாளர், பெயரும் முகவரியும். வெளியான ஆண்டு. பாடுவதற்கான ட்ராக், குரல் இல்லை. ஆண் 1½ கட்டை, பெண் 5½ கட்டை.’ மெட்டுப் போட்டவரிடமும் வாசித்தவர்களிடமும் உரிமை யாருக்கு, காசு வந்தால் எப்படிப் பங்கு என்று ஒரு தாளில் எழுதி ஆறு பேரும் கையெழுத்துப் போட்டுவிடுங்கள், நண்பர்கள்தானே என்று விடாதீர்கள். பதிவு செய்ய இடம் வேண்டுமானால் சொல்லுங்கள், வியாழக்கிழமைகளில் என் அறை காலியாகத்தான் இருக்கும்.